கண்ணாடியில் ஒட்டிய முகம்

ஒரு விதவையிடம் அவள் கணவனின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நான் பிளேடால் சுரண்டி எறிந்தேன். பிறகு அவளிடம் பொய் சொன்னேன்.

இதை ஏன் இப்போது சொல்ல வேண்டும்? போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். பழைய படச் சட்டங்களைப் புதுசாக்கி வீட்டை அலங்கரிப்பதில் நான் கைதேர்ந்தவனாமே — செய்முறையை இங்கே எழுதினால் என்ன?

எழுதுகிறேன் அம்மா. உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வார்னிஷ் பூசி, ஓரத்தில் தங்க நிறக் கில்ட் பெயிண்ட் இழுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் உள்ளே இருக்கும் படத்தை எடுக்க வேண்டும்...

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். கப்பலேறிய வெள்ளைக்காரர்களின் சாமான்கள் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தன. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஒரு பழைய சட்டம், புது மினுக்கலோடு. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது.

பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் ஒரு பெண் — அஞ்சலை என்று வைத்துக்கொள்வோம் — ஒருநாள் காலையில் தேக்குச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே அவள் புருஷன் படம். அவன் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். கல்யாணமான இருபதாம் நாள் சைகோனுக்குக் கப்பலேறியவன் அங்கேயே செத்துப்போனான். இப்போது மழையில் வீட்டுக் கூரை இறங்கிவிட்டது. விற்க அவளிடம் வேறொன்றும் இல்லை.

"சட்டம் மட்டுந்தான் வாத்தியாரய்யா. படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, பிக்க பயமா இருக்கு. பதனமா எடுத்து வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

கடலோர ஈரத்தில் படங்கள் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியோடு அப்படியே எடுத்து வைத்துவிட்டு வேறு கண்ணாடி போட்டிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவள் துணியில் நூலால் போட்ட அன்னப்பறவை அந்தச் சட்டத்துக்குள் கூடத்தில் தொங்கியாக வேண்டும். கடைக்குப் போய் வர எனக்குப் பொறுமை இல்லை. தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டினேன். பத்து நிமிஷ வேலை.

மறுநாள் அவள் வந்து நின்றாள்.

"கரையான் அரிச்சிருந்தது அஞ்சலை. தொட்டதும் உதிர்ந்து போச்சு."

பூக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, "உங்க மேல என்னங்க தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏழு வருஷம் அந்தப் பொய் எனக்கு வசதியாகவே இருந்தது. போன வருஷம் என் மனைவி போய்விட்டாள். அவளுக்கும் ஒரே ஒரு படம். சட்டம் போடக் கடைக்கு எடுத்துப் போனேன்... கடைக்காரர் கையை நீட்டுகிறார், என்னால் கொடுக்க முடியவில்லை.

அப்புறம்தான் அஞ்சலை புருஷனின் வேறு படம் தேடி ஓடினேன். பென்ஷன் வாங்கும் பழைய சொல்தா அந்துவானிடம் சைகோனில் அவனும் சேர்ந்து நின்று எடுத்த பட்டாளத்துக் குரூப் போட்டோ இருந்தது. முப்பது பேர், எல்லார் தலையிலும் தொப்பி.

"ரெண்டாவது வரிசையில மூணாவது ஆள்னு நெனைக்கிறேன் முசியே. இல்ல, நாலாவதோ? நானே எங்க நிக்கிறேன்னு தேடிக்கிட்டு இருக்கேன், போங்க!"

ஸ்டூடியோவில் கொடுத்து அந்த இரண்டு முகங்களையும் பெரிதாக்கினேன். எடுத்துக்கொண்டு உப்பளம் பேட்டையில் இருந்த அவள் வீட்டுக்குப் போய், அஞ்சலையிடம் முதலில் உண்மையைச் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போயிருப்பேன். ஏழு வருஷமா கரையானை இல்ல திட்டிக்கிட்டு இருக்கேன்!"

படங்களை நீட்டினேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தெரியலீங்களே. இருபது நாளு... நிமிந்து கூட பார்த்ததில்ல. அந்தப் படத்தை வெச்சுத்தான் மூஞ்சி தெரியும். இப்ப அதுவும் மறந்துபோச்சு." சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே கடைசியா பார்த்தது? நீங்க சொல்லுங்க. இவரா, அவரா?"

நான் பார்க்கவில்லை. சுரண்டும்போது, கண்ணாடியில் கீறல் விழுகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "இவர்தாம்மா" என்று ஒன்றைத் தொட்டுவிட்டேன்.

என் சுவரில் இருந்த அதே தேக்குச் சட்டத்தைக் கழற்றி, அந்தப் படத்தை அதில் போட்டு நானே கொண்டுபோய் மாட்டினேன். போன மாதம் எட்டிப் பார்த்தபோது அதற்குக் கதம்பம் சாத்தியிருந்தது. அஞ்சலையின் முகம் தெளிந்திருந்தது.

"பார்க்கப் பார்க்க ஞாபகம் வருதுங்க வாத்தியாரய்யா. சிரிச்சா கன்னத்துல குழி விழும். இதுலயே லேசா தெரியுது பாருங்க."

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். குழி எதுவும் இல்லை.

"ஆமாம்மா" என்றேன்.