அறுபது கிலோவுக்கு மூன்று சுற்று

ஆலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் ‘கிராம்’, முகத்துக்கு நேரே ‘கிராம் சார்’. வருடத்துக்கு இருநூறு கார்கூடச் செய்யாத ஆலை அது. ஆனால் செய்கிற ஒவ்வொன்றும் நாம் வீட்டை விற்றாலும் வாங்க முடியாத சூப்பர் கார். அங்கே எடை அறை அவருடையது. ஜன்னல் கிடையாது. தரையில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசுப் பலகைகள், சுவரில் ஒரு திரை. காரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினால் எந்தச் சக்கரத்தில் எத்தனை கிலோ இறங்குகிறது என்று திரை காட்டும். அதில் எதைக் கழற்றி எறியலாம் என்று அவர் சொல்வார்.

இருபத்திரண்டு வருடம் இதே வேலை. போல்ட்டுகளின் நடுவைக் குடைய வைத்தார். கதவுக்குள் பூசும் பசையைப் பாதியாக்கினார். பெயிண்டில் ஒரு பூச்சைக் குறைக்கச் சொல்லி மூன்று மாதம் மல்லுக்கு நின்றார். அவர் தலை தெரிந்தாலே, “மூச்சை வெளிய விடுங்கப்பா, உள்ள இருக்கிற காத்தையும் எடுக்கச் சொல்லுவாரு” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டில் கரண்டியைக் கையில் வாங்கியதுமே அதன் எடையைச் சொல்லி மனைவியிடம் திட்டு வாங்குவார்.

பிறகு பேட்டரி வந்தது. பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியும் இரண்டு மோட்டாரும் சேர்ந்த புது மாடல், பழையதைவிட முந்நூறு கிலோ கூடுதல். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் ட்ராக்கில் அது பழைய மாடலைச் சுற்றுக்கு நான்கு நொடி முந்தியது. மோட்டார் இழுக்கிறது, அகலமான டயர் ஒட்டிப் பிடிக்கிறது, வளைவில் பின்சக்கரமும் சேர்ந்து திரும்புகிறது. தன் கனத்தைத் தானே மறைத்துக்கொள்ளும் வண்டி. அவர் விடவில்லை. இரண்டு வருடம் துண்டு துண்டாகச் செதுக்கி அறுபது கிலோவைக் குறைத்தார். அதனாலேயே வண்டி வெளிவருவது ஒரு வருடம் தள்ளிப்போனது.

அந்தத் தாமதத்தைப் பற்றி விசாரிக்கத்தான் புதுத் தலைமைப் பொறியாளரை அனுப்பினார்கள். நாற்பது வயதுப் பெண்மணி, குரலை உயர்த்தாதவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: அந்த அறுபது கிலோ ஓட்டுகிறவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் எடைப் பிரிவு இருக்கும். இல்லாவிட்டால் மூடப்படும்.

சோதனை எளிது. ஒரே மாதிரி இரண்டு கார்கள். ஒன்றில் மட்டும், எடை குறைத்த இடங்களிலேயே, அறுபது கிலோ ஈயத் தகடு. எதில் என்று சோதனை ஓட்டுநருக்குச் சொல்லக்கூடாது. ஓட்டிவிட்டு அவன் சொல்ல வேண்டும்.

அந்த ஓட்டுநர் கிராமின் மனைவிக்குத் தம்பி. பதினெட்டு வருடமாக அங்கே கார் ஓட்டுகிறான். டயரில் காற்று துளி குறைந்தாலும் அவன் இடுப்புக்குத் தெரியும் என்பார்கள்.

விஷயம் தெரிந்ததும் மனைவிக்குத் தோன்றியது ஒன்றுதான். “எந்த வண்டின்னு அவன்கிட்ட சொல்லிடுங்க. என் கூடப் பொறந்தவன், வெளிய சொல்லவா போறான்?”

“சொல்லவே வேண்டாம். அவனுக்கே தெரியும்.”

“தெரியலன்னா?”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

சோதனையன்று காலை இரண்டு கார்களையும் அவரே எடை போட்டு லாரியில் ஏற்றினார். ட்ராக்கில் மைத்துனன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் சொல்லிவிடுவேன் என்றான். “கண்ணத் திறந்துட்டே ஓட்டு மாப்ள, உங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்” என்றார் இவர்.

வண்டிக்கு மூன்று சுற்று. இரண்டையும் முடித்து இறங்கினான். முதல் காரைப் பார்த்தான், இரண்டாவதைப் பார்த்தான். பிறகு, “ரெண்டாவதுதான் கனம்” என்றான்.

ஈயம் முதல் வண்டியில் இருந்தது.

மாமாவின் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் நாலு சுற்று கொடுங்கள் என்று கெஞ்சினான். மறைக்கப்பட்ட கனம் எங்கேயும் போய்விடுவதில்லை. பிரேக்கிலும் டயரிலும் சூடாக ஏறுகிறது. ஐந்தாவது, ஆறாவது சுற்றில் பிரேக் மிதி தளரும், வளைவில் வண்டி வழுக்கும். அப்போது கட்டாயம் தெரியும். கிராமும் அதையே சொன்னார்.

ஆனால் டாங்கில் பெட்ரோல் இல்லை. ட்ராக்கில் நிரப்பவும் வசதி கிடையாது. ஆலையிலேயே அளந்து ஊற்றித்தான் அனுப்புவார்கள், சரியாக மூன்று சுற்றுக்கு. தலைமைப் பொறியாளர் கோப்பைப் புரட்டினார். வீணாகப் பெட்ரோலைச் சுமந்து சோதனை வண்டி கனக்கக் கூடாது என்று பதினாறு வருடத்துக்கு முன்னால் போட்ட விதி. அடியில் கிராமின் கையெழுத்து.

நாளைக்கு மறுபடி ஓட்டலாம் என்றார் கிராம். அந்த அம்மாள் கோப்பை மூடினார்.

“ஏழு சுத்துல தெரியும்னே வெச்சுக்கலாம் சார். வாங்குறவங்கள்ல எத்தனை பேர் ஏழு சுத்து ஓட்டுவாங்க?”

அந்த மாதமே எடை அறை மூடப்பட்டது. இனி எடையைக் கம்ப்யூட்டரே கணக்குப் போடும் என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்கு வந்தான். அக்கா டீயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

“ஒரு கண் ஜாடை காட்டியிருக்கலாமே மாமா.”

“காட்டியிருந்தா நீ சரியா சொல்லியிருப்ப. உனக்குத் தெரியுதா இல்லையான்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.”

“எனக்கே தெரியலையே மாமா. பதினெட்டு வருஷமா இந்த இடுப்ப நம்பித்தான் சாப்பிட்டேன்.”

டீ ஆறி ஆடை படிந்தது.

புது மாடல் விற்பனைக்கு வந்தது. கிராமை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். வேலை, பெட்டி கட்டி அனுப்புவது. கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தார். பழைய மாடலுக்கு ஒரு செட் டயர் போகிற காலத்தில் புது மாடலுக்கு இரண்டரை செட் போனது. பிரேக்கும் அப்படித்தான். ஏழு சுற்று ஓட்டாதவர்கள்கூட, கடைத்தெருவுக்குப் போய்வந்தே டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதம் பொறுத்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தலைமைப் பொறியாளரிடம் கொடுத்தார். அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். “நீங்க சொன்னது சரிதான் சார்” என்றார். மேலே அனுப்புவதாகவும் சொன்னார். அனுப்பவும் செய்தார்.

மறுவாரம் விற்பனைத் தலைவரே கிடங்குக்கு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டயரும் பிரேக்கும் இதற்குமுன் இப்படி விற்றதே இல்லையாம். சரக்கு அடுக்க இன்னும் இரண்டு அலமாரி தரச் சொல்லியிருக்கிறாராம்.

அலமாரிகள் வந்தன. கனத்த இரும்பு. தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது, மூன்று பேர்தான் இருந்தார்கள். நான்காவது மூலையை அவர் பிடித்தார்.