மடிக்கணினிக்கு நான் வழங்கிய நியாயம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, நாக்பூரில் சரக்கை இறக்கிவிட்டு என் ஒரே லாரி காலியாக நின்றது. லாரிகளுக்குச் சரக்கு பதியும் இணையதளத்தில், ஊர் திரும்பும் வண்டிக்கான லோடு வந்தவுடன் முதலில் அழுத்துகிறவருக்கே அது கிடைக்கும். ஆகவே நாமக்கல் புக்கிங் ஆபீஸில் மடிக்கணினியையும் செல்பேசியையும் அருகருகே வைத்து, எது வேகமானது என்னும் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

எதிரே அமர்ந்திருந்த பெரியவரும் லாரி உரிமையாளரே; அவர் வண்டியும் நாக்பூரில்தான் நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். எதைச் சொன்னாலும் "சரிங்க சாமி" என்று தலையாட்டுவார்.

லோடு வந்தது. செல்பேசியில் உடனே திறந்தது. மடிக்கணினியில் வட்டம் சுழன்றுகொண்டிருந்தது.

"ஏனுங்க சாமி, அமுக்கலீங்களா?" என்றார் அவர்.

"ஒருக்கா பாத்துட்டு முடிவு பண்ணுனா லேப்டாப்புக்கு நாயமாகாதுங்க" என்று சொல்லி, இரண்டையும் மூடி மறுபடியும் திறந்தேன்.

"சரிங்க சாமி."

இம்முறையும் செல்பேசியே முந்தியது. ஆனால் லோடு போய்விட்டிருந்தது. நான் அதைத் தேடிக்கொண்டிருக்கையில் அவர் எழுந்து துண்டை உதறினார்.

"செல்லுதானுங்க வேகம். நானும் செல்லுலதான் அமுக்குனேன்."

என் டிரைவர் மேலும் சில நாள் நாக்பூரிலேயே ரொட்டி தின்றார். அந்தப் பெரியவரைக் கோபிக்கவும் வழியில்லை. முதலில் அழுத்தச் சொன்னவரே அவர்தாம். கேலி செய்தாரா, என் ஆராய்ச்சிக்குச் சாட்சி சொன்னாரா என்பது இன்றளவும் விளங்கவில்லை. இதைத் தயைகூர்ந்து உங்கள் காப்பகத்தில் பத்திரப்படுத்தி வைக்க வேண்டுகிறேன்.