கடைசிப் பெயர் கட்டாயம்

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் யாருக்கும் கடைசிப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு சொந்தப் பெயர், அத்தோடு முடிந்தது. ஆனால் எந்தப் படிவத்தைத் திறந்தாலும் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சிலர் இனிஷியலை லாஸ்ட் நேமில் போட்டுவிடுவார்கள். அப்புறம் காலம் முழுக்க அவர்களுக்கு 'டியர் கே' என்றுதான் மெயில் வரும். கல்யாணமான பெண்கள் சிலர் புருஷன் பெயரைப் போடுவார்கள். மற்றவர்கள் காலியாக விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நான் தாம்பரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு நாங்கள் ஒரு வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்திருந்தோம். ஷிஃப்ட் பஸ்ஸில் யார் ஏறலாம், கேட்டுக்குள் யார் போகலாம் என்று சொல்வது அதுதான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடுவதை யார் சும்மா விடுகிறார்கள்? தொழிற்சாலையின் தலைமை அலுவலகம் வேறொரு டேட்டாபேஸை வாங்கிவிட்டதாம். எல்லாத் தகவலையும் அதற்கு மாற்ற வேண்டுமாம். "ரெண்டும் டேபிள்தானேம்மா, காப்பி பேஸ்ட் மாதிரிதான்" என்றார் என் மேனேஜர். அவருக்கு உலகத்தில் எல்லாமே காப்பி பேஸ்ட் மாதிரிதான்.

பெருங்களத்தூரில் எங்கள் கீழ்வீட்டு அக்கா அந்தத் தொழிற்சாலையில்தான் கான்ட்ராக்டில் வேலை பார்த்தார். அந்த மாதம் ஒரு நாள்கூட லீவு போடாமல் போனால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் வந்தபோதும் மாத்திரையை முழுங்கிவிட்டு பஸ் ஏறினார்.

சனிக்கிழமை நான் மாற்றும் வேலையை ஓடவிட்டேன். திரை முழுக்கச் சிவப்பு. பழைய டேட்டாபேஸ் எதையும் சகித்துக்கொள்ளும் ரகம். பிறந்த தேதி தெரியாதவர்களை சைபர் மாதம் சைபர் தேதியில் பிறந்தவர்களாகக்கூட வைத்துக்கொண்டிருந்தது. காலியாக விட்ட கட்டத்தையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளும். புதியது அப்படி இல்லை. காலி என்றால் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். லாஸ்ட் நேம் கட்டாயம் என்று வேறு விதி இருந்ததால், அது இல்லாத ஆளையே வெளியே தள்ளிவிட்டது.

மேனேஜருக்கு போன் போட்டேன்.

"சார், லாஸ்ட் நேம் இல்லாதவங்க எல்லாரும் ரிஜெக்ட் ஆகுறாங்க. அந்த ரூலை எடுத்துடலாமா?"

"அது ஹெட் ஆஃபீஸ் ஸ்டாண்டர்ட். தொடக் கூடாது."

"ஒரு புள்ளியாவது வெச்சுடறேன் சார்."

"எழுத்து மட்டும்தான் எடுக்கும். விடும்மா, எல்லாம் பேட் டேட்டா. ஸ்கிப் பண்ணிட்டு லைவ் போ. மண்டே பாத்துக்கலாம்."

"ஆளுங்க சார் அவங்க!"

"மண்டேம்மா" என்று வைத்துவிட்டார். இத்தனைக்கும் அவரே ஒரு 'டியர் வி'தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஆறுதல், கீழ்வீட்டு அக்கா தப்பித்தார் என்பது. அவருடைய லாஸ்ட் நேமில் புருஷன் பெயர் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் கதவு தடதடத்தது. அக்காதான்.

"பஸ்ஸுல ஏத்தமாட்டேன்றான்மா! லிஸ்ட்டுல பேரு இல்லியாம். நீதானே இன்னாமோ மாத்துறேன்னு சொல்லிகினு இருந்தே? இன்னா பண்ணி வெச்சே?"

லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். ஜிஎஸ்டி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போனேன். பின்னால் உட்கார்ந்து அக்கா என்னை, பஸ் டிரைவரை, கம்ப்யூட்டரை என்று ஒருவர் விடாமல் திட்டிக்கொண்டே வந்தார். நான் மேனேஜரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். கூடுவாஞ்சேரி தாண்டியதும் இரண்டு பேருமே ஓய்ந்துவிட்டோம்.

ஷிஃப்ட் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. "பேர் வரல மேடம். பேர் வராம கேட் தொறக்காது" என்றார் செக்யூரிட்டி. ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே லேப்டாப்பைத் திறந்து பழைய டேட்டாபேஸைப் பார்த்தேன். அக்காவின் லாஸ்ட் நேம் காலி.

"உங்க வீட்டுக்காரர் பேர் இருந்துச்சேக்கா?"

"அந்தாளே இல்ல, பேரு எதுக்கு? வுட்டுட்டு ஓடுனவன் பேரு. ஆதாரு, ரேஷன் கார்டு, பேங்க்குன்னு ஒவ்வொண்ணுலயும் எடுக்க நாயா அலைஞ்சேன். கம்பேனில போன மாசந்தான் எடுத்தாங்க."

படாத பாடு பட்டு அவர் காலியாக்கிய கட்டம் அது. அதைப் போய் பேட் டேட்டா என்றிருக்கிறார்கள்.

மேனேஜரை எழுப்பினேன். "ஹஸ்பெண்ட் நேம் போட்டுடு, சிம்பிள்" என்றார். போனை வைத்தேன்.

"அப்பா பேர் போடட்டுமாக்கா?"

"அவருதானே இவனப் புடிச்சி என் தலையில கட்டுனாரு! வேணாம்."

"எதாவது ஒண்ணு போட்டே ஆகணும்க்கா. இல்லன்னா தொறக்காது."

அக்கா கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சங்கு ஊதப்போகிறது என்று செக்யூரிட்டி சொன்னார். நான் ஃபர்ஸ்ட் நேமில் இருந்த அக்காவின் பெயரையே லாஸ்ட் நேமிலும் அடித்தேன். புதிய டேட்டாபேஸ் ஏற்றுக்கொண்டது. கேட்டில் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா செருப்பு கழல ஓடினார்.

மேனேஜருக்கு விஷயம் தெரிந்ததும் ஒரே குஷி. "சூப்பர் ஐடியா, எல்லாருக்கும் அதையே ரன் பண்ணிடு!" சாயங்காலத்துக்குள் அந்தத் தொழிற்சாலையில் பாதிப் பேர் இரட்டைப் பெயர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். அன்றைக்கு வேலைக்கு வர முடியாமல் போனவர்களுக்கு வருகை போட வைப்பதற்கு நான் வாரம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. தலைமை அலுவலகம் மட்டும் மாற்றம் வெற்றி என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பியது.

அடுத்த மாதம் அக்கா மாடியேறி வந்து புது அடையாள அட்டையைக் காட்டினார். வேலை நிரந்தரமாகிவிட்டது. அட்டையில் அவர் பெயர் இரண்டு தடவை அச்சாகியிருந்தது. எனக்கு மானம் போயிற்று. "ஒண்ண எடுத்துட்டு வேற கார்டு குடுக்கச் சொல்றேன்க்கா" என்றேன்.

அட்டையை வெடுக்கென்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"சும்மா இரு. அவன் பேரு இருந்த எடத்துல என் பேரே கீது."