தவக்காலத்து மாத்திரை

மொரப்பூருக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் சகாயமேரியின் நடையைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் புருசன் பிலவேந்திரன் ரயில்வேயில் தண்டவாளம் செப்பனிடும் கேங்மேன். லைனில் எந்த இடத்தில் வேலை நடந்தாலும் உச்சிவேளைக்குக் களிச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "உம் பொண்டாட்டிக்கு அது காலா, இல்ல சக்கரமா?" என்று கூட வேலை செய்த பச்சியப்பன் கேலி பண்ணுவான். பிலவேந்திரன் களியை உருட்டுவான். உள்ளுக்குள் பெருமை பொங்கும்.

அப்பேர்ப்பட்டவளைப் படுக்கையில் தள்ளியது ஒற்றைத் தலைவலி. முதலில் கண்ணுக்குள் வளைவு வளைவாக வெளிச்சம் ஓடும். பிறகு மண்டையின் ஒரு பக்கம் மட்டும் இடிக்கும். வெயில் ஆகாது, பாத்திரம் உருளும் சத்தம் ஆகாது, குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்காது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஊராருக்குத் தெரியவில்லை. களையெடுக்க உடம்பு வணங்காமல் பாசாங்கு பண்ணுகிறாள் என்று வாய் கூசாமல் சொன்னார்கள். சுக்குப் பற்றுப் போட்டுப் போட்டு நெற்றித்தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அறுபத்தொன்பதில் பிலவேந்திரன் அவளைத் தருமபுரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனான். டாக்டர் வெங்கடாசலம் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

"கண்ணுல வெளிச்சம் ஓட ஆரம்பிச்சதும் ஒண்ணு போடுங்க. கேக்கலைன்னா இன்னொண்ணு. அதோட சரி. வாரத்துல ரெண்டு நாளைக்கு மேல இதைத் தொடவே கூடாது. இது ரத்தக் குழாயைச் சுருக்கற மருந்தும்மா. தலையில மட்டும்தான் சுருக்கும்னு நெனச்சிடாதீங்க. கை கால் சில்லிட்டுச்சுன்னா, மரத்துப் போச்சுன்னா, நிறுத்திட்டு ஓடி வந்துடணும். வயித்தையும் பட்டினி போடாதீங்க, பட்டினியே தலைவலியைக் கூப்பிட்டு வரும்."

சகாயமேரி சொன்னபடி கேட்டாள். மாத்திரை அவளுக்கு மறுபிறவி கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மாதத்தில் இரண்டு தடவையோ மூன்று தடவையோ போடுவாள், ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடப்பாள், எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். களிச்சட்டி மறுபடி லைனுக்கு வந்தது.

எழுபத்தொன்றின் தொடக்கத்தில் அவர்கள் ஒரே மகள் இசபெல்லா டைபாய்டில் விழுந்து பிழைத்தாள். பிள்ளை கண் திறந்தால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி இருந்து, ஒரே வேளைச் சோற்றோடு, தினமும் குன்றின்மேல் உள்ள சிலுவை வரைக்கும் வெறுங்காலோடு ஏறுவதாகச் சகாயமேரி நேர்ந்திருந்தாள். நோயாளிக்கு ஒருசந்தி கடமையில்லை என்று பங்குச் சாமியாரே சொன்னார். "கடமைக்கா இருக்கறேன் சாமி? புள்ளைய வாங்கிட்டு வாக்கை வுட முடியுங்களா?" என்றாள்.

பட்டினி கூப்பிட்டது, தலைவலி வந்தது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்தது, பிறகு தினமும் வந்தது. குன்று ஏற வேண்டுமே, வந்தபோதெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டாள். கையிருப்பு தீர்ந்தது.

"வாரத்துக்கு ரெண்டு நாளுதான்னு டாக்டரு சொன்னாருல்ல?" என்று பிலவேந்திரன் கேட்டான்.

"ஈஸ்டரு வரைக்கும்தாங்க. அப்பறம் கேக்க மாட்டேன். எங்க வாக்குத் தவறிப் போயிடுமோன்னு பயமாயிருக்குதுங்க."

டாக்டரிடம் போனால் ஒருசந்தியை விடச் சொல்வார் என்பது இருவருக்கும் தெரியும். அவள் சுவரில் தலையை முட்டிக்கொள்வதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. காலி அட்டையைக் கடைவீதி மருந்துக்கடையில் காட்டினான். கொடுத்தார்கள். மறுபடி காட்டினான், மறுபடியும் கொடுத்தார்கள். பாசத்தில்தான் வாங்கினான். பாசத்துக்குக் கண் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளியன்று குன்றிலிருந்து இறங்கியவளின் பின்னால் கல்லில் ரத்தம் சொட்டியிருந்தது. வேலமுள் பாதத்தில் முழுசாக ஏறியிருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை.

"வலிக்கவேயில்ல! சில்லுனு பஞ்சுமேல நடக்கற மாதிரி இருக்குது" என்று அவள் சொன்னதும், கூட வந்த மதலேனம்மாள் மண்டிபோட்டு அந்தப் பாதத்தைத் தொட்டாள். கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. "ஆண்டவரு உன் தவத்தை ஏத்துக்கிட்டாருடி!" என்று அழுதாள். மற்ற பெண்களும் வரிசையாகத் தொட்டுக் கும்பிட்டார்கள். பாசாங்குக்காரி என்று பேசிய அதே வாய்கள்தான். அடிவாரத்தில் நின்ற பிலவேந்திரனுக்கு, சில்லிட்டால் ஓடி வரச் சொன்ன டாக்டரின் பேச்சு நினைவுக்கு வந்தது. ஆனால் சகாயமேரியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

அடுத்த வாரம் கால்விரல்கள் கறுத்தன. சேலைக் கரையை இழுத்து விட்டு மறைத்துக்கொண்டாள். பெரிய வெள்ளியன்று கடைசித் தடவையாகக் குன்றேறினாள். மறுநாள் விடிகையில், அதுவரை மரத்திருந்த வலியெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்ததுபோல அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் வெங்கடாசலம் காலைப் பார்த்தார். நாடி கிடைக்கவில்லை. "எத்தனை போட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். பிலவேந்திரன் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மரத்துப் போன அன்னைக்கே வந்திருக்கக் கூடாதாப்பா?" என்றார். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கே சேலத்துப் பெரிய ஆசுபத்திரிக்கு ரயிலேற்றினார்கள். இடது காலைக் காப்பாற்ற முடிந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதான் என்று, பார்க்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். கால் போன பிறகு சொல்ல யாருக்குத்தான் தெரியாது?

சகாயமேரி யாரையும் குறை சொல்லவில்லை. மாத்திரையைக்கூடக் குறை சொல்லவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே புளியைத் தட்டிக் கொட்டை எடுத்தாள், வேர்க்கடலை உரித்தாள், இசபெல்லாவுக்குத் தலை பின்னினாள். பிலவேந்திரன் களியைத் தானே தூக்குவாளியில் எடுத்துப் போனான். பச்சியப்பன் அதற்குப் பிறகு கேலி பேசியதே இல்லை.

காலை வெட்டினார்களே தவிரத் தலைவலி போகவில்லை. எழுபத்திரண்டு ஆடியில் ஒரு மத்தியானம் கண்ணுக்குள் வெளிச்சம் ஓடத் தொடங்கியது. பிலவேந்திரன் கதவைச் சாத்தி, ஈரத்துணியை நெற்றியில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த மாத்திரை இனி அவளுக்கு ஜென்மத்துக்கும் ஆகாது என்று டாக்டர் தீர்த்துச் சொல்லியிருந்தார். வலி ஏற ஏற அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு வாங்கியாந்து குடுங்க. கால்தான் போயிடுச்சே, இன்னும் எதுக்குங்க பயப்படறீங்க?"

அவன் அவளுடைய இடது பாதத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொண்ணு இருக்குதே, மேரி" என்றான்.