அத்தை வீட்டு வெள்ளைச் சுவர்

என் ஸ்டுடியோவில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஒரு சமையலறை. பளிச்சென்ற வெள்ளைச் சுவர், அதன் ஓரமாக இரண்டு பித்தளைக் குடங்கள், தரையில் மண்சட்டி நிறைய வஞ்சிர மீன் குழம்பு. மேலிருந்து சரிந்து இறங்குகிற காலை வெயில் குழம்பில் மிதக்கும் எண்ணெயின் மேல் வந்து நிற்கிறது. சிதம்பரத்தில் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள். “எந்த ஓட்டல் சார் இது?” என்பார்கள். நான் பெயரெடுத்த படம் அது. என் அத்தைக்கு வீடு கிடைக்காமல் போன படமும் அதுதான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பா கடல் தொழிலை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கு வேலைக்கு வந்துவிட்டார். அத்தை கடலூருக்குப் பக்கத்தில் கரையோரக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருந்தாள். இரண்டாயிரத்து நான்கு கடைசியில் கடல் ஊருக்குள் வந்தபோது மாமாவைக் கொண்டுபோய்விட்டது. மூன்றாம் நாள் உடலாகக் கிடைத்தார். வீட்டைக் கடல் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழக்கு மூலை அஸ்திவாரம் இறங்கி, அந்தப் பக்கத்து ஓடுகள் போய், மீதி நின்றது. உள்சுவர் முழுக்க நெஞ்சு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. தண்ணீர் நின்ற அளவு. புது வீடு கட்டித் தருவதற்குக் கணக்கெடுக்க வருவார்கள், கோட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள், யாரும் அழித்துவிடாதீர்கள் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லியிருந்தார்கள். ஊரே சாமி படத்தைப் போல அந்தக் கோட்டைத் தொடாமல் வைத்திருந்தது.

அப்போது எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. மேடையில் மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தி மூஞ்சியில் பிளாஷ் அடித்து அடித்து அலுத்துப்போயிருந்தேன். பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் சில கிடைத்தன. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மேசை, ஒரு ரொட்டி, ஒரு கிண்ணம், அவ்வளவுதான். ஆள் கூடக் கிடையாது. பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நம்மூர்ச் சமையலறையை, நம்மூர்ச் சாப்பாட்டை, விளக்கே போடாமல் அப்படி எடுத்துவிட வேண்டும் என்று அலைந்தேன். சிதம்பரத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் டியூப்லைட்டும் நீல டிஸ்டெம்பரும்தான். மாமாவுக்கு ஆறாம் மாதம் ஆகும்போது அத்தையைப் பார்க்கப் போனேன். ஓடு போன மூலை வழியாக வெயில் அடுப்பங்கரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை ஏதோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துக்கம் விசாரிக்கப் போனவன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே போய் இறங்கினேன். அம்மாவின் பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் தேய்த்து பஸ்ஸில் எடுத்துப் போயிருந்தேன். கூடவே ஒரு பை சுண்ணாம்பு. வெயில் ஒரு பக்கமிருந்துதான் வந்தது. எதிர்ப் பக்கம் கறுத்துக் கிடந்தது. எதிர்ச்சுவர் வெள்ளையாக இருந்தால் அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் நிழலைக் கரைத்துவிடும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். அத்தை சுவரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“கோடு இருக்கட்டும்டா மருமவனே. கணக்கெடுக்க இன்னும் வரல.”

“வந்தா சொல்லிக்கலாம் அத்தை. மூலை எறங்கியிருக்கறது அவுங்களுக்குத் தெரியாதா?”

“நீ படிச்சவன், சொல்ற. எனக்கு என்னா தெரியும்” என்று நகர்ந்துகொண்டாள்.

இரண்டு கை பூசினேன். கோடு போய்விட்டது.

குழம்பு வைக்கச் சொன்னபோது அத்தை என்னைப் பார்த்த பார்வை மறக்கவில்லை. கடல் வந்ததிலிருந்து அந்த வீட்டில் மீன் ஏறவில்லை. ஊரிலேயே பல பேர் தொடவில்லை; எதைத் தின்று வளர்ந்த மீனோ என்கிற நினைப்பு. நான் கடலூர் முதுநகர் மீன் சந்தையில் வாங்கிப் போன வஞ்சிரத்தை அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு நறுக்கினாள். முதல் நாள் எடுத்தவரை எடுத்தேன், மேகம் கெடுத்துவிட்டது. குழம்பு பளபளக்க வேண்டுமென்று மேலே பச்சை எண்ணெயை ஊற்றியிருந்ததால் அது வாயில் வைக்கிற மாதிரியும் இல்லை. கொல்லையில் கொட்டிவிட்டு வந்த அத்தை, “காக்காக்குப் போட்டேன். ஒங்க மாமாவுக்குப் படைச்சதா இருக்கட்டும்” என்றாள். நாளைக்கு மறுபடி வைக்க வேண்டும், குடங்கள் அப்படியே இருக்கட்டும் என்றேன் நான். வெட்கமில்லாமல் சொன்னேன்.

மறுநாள் காலை வெயில் சுத்தமாக இருந்தது. சட்டி, குடம், எல்லாம் வைத்த இடத்தில். குனிந்து கேமராவில் கண்ணை வைத்திருக்கிறேன், படத்தில் ஒரு நிழல் விழுகிறது. வாசல் பக்கத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு படியில் யாரோ நின்றார்.

“சார், கொஞ்சம் தள்ளிக்கங்க. வெளிச்சம் மறையுது” என்றேன், நிமிராமலே.

அவர் தள்ளிக்கொண்டார். நான் எடுத்தேன். சுவரில் இன்று தொங்குவது அந்த ஒரு கணம்தான். நிமிர்ந்தபோது அவர் கையில் அட்டையும் பேனாவும் இருந்தன. கூட வந்தவரிடம் சிரித்தபடி, “இங்க என்னாப்பா, ஷூட்டிங் நடக்குது. வஞ்சிரக் குழம்பு மணக்குது. இவுங்களுக்கும் வூடு வேணுமாம்” என்றார். அத்தை ஓடி வந்தாள். “சார், கோடு இருந்துது சார். என் மருமவன்தான் சுண்ணாம்பு அடிச்சான். கொடம் எங்களுது இல்ல சார். கேட்டுப் பாருங்க. சொல்லுடா!” என்றாள். சொன்னேன். வாய் குழறிக்கொண்டு, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னேன். “எல்லா வூட்லயும் இதான்மா சொல்றாங்க” என்று எழுதிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணில் பட்டதைத்தான் எழுதினார். அவர் கண்ணில் எது பட வேண்டும் என்று இரண்டு நாளாக உட்கார்ந்து ஏற்பாடு செய்தவன் நான். படியிலிருந்து தெரியாத கிழக்கு மூலையைப் போய்ப் பார்க்கச் சொல்ல எனக்கு நினைவு வந்தபோது அவர் நாலு வீடு தள்ளிப் போயிருந்தார்.

ஊருக்கு மேற்கே காங்கிரீட் வீடுகள் வரிசையாக வந்தன. அத்தைக்கு மட்டும் இல்லை. மனு மேல் மனுவாக எழுதிக் கொடுத்தேன். ‘குடியிருக்கத் தகுந்தது’ என்று முதலில் எழுதின ஒரு வரியை எந்த மனுவாலும் அழிக்க முடியவில்லை. ஓடு போன மூலையில் அத்தை கீற்று வைத்து மூடிக்கொண்டாள். அந்த வெளிச்சமும் போய்விட்டது. எனக்கு ஓட்டல்களிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. ஒருமுறை சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்த அத்தை ஸ்டுடியோவுக்கும் வந்தாள். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சொவரு நல்லா வெள்ளையா வந்திருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று முடிகிற சமயத்தில் அடித்த புயல் கூரையையே பிய்த்துக்கொண்டு போனது. பொங்கலுக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். நான்கு சுவருக்கு நடுவில் முக்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். கிழக்கு மூலை சரிந்து கிடந்தது. தலைக்கு மேலே வெறும் வானம். சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களில் பழைய கோடு துண்டு துண்டாகத் தெரிந்தது.

“வா மருமவனே. மனுவுல ஒட்ட போட்டோ வேணுமாம். நீயே எடு.” சுவரைக் கையால் காட்டி, “அசிங்கமா எடுடா. அழகா கிழகா எடுத்துத் தொலைச்சிடாத” என்றாள்.

உச்சி வெயிலில், நேராக நின்று, பிளாஷ் போட்டுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். உடைந்த ஓடு, நனைந்த பாய், சரிந்த மூலை. என் வாழ்நாளில் எடுத்ததிலேயே மட்டமான படங்கள் அவை. உண்மையான படங்களும் அவைதான். இதில் சொல்லக் கூசுகிற ஒன்று உண்டு. பன்னிரண்டும் எடுத்து முடித்த பிறகு, அத்தை எனக்குக் கடுங்காப்பி போட எழுந்தாள். உதிர்ந்த சுவரில் பட்ட வெயில் அவள் முதுகில் மெதுவாகத் திரும்பி விழுந்தது. என் கை பிளாஷை அணைத்திருந்தது. அத்தை திரும்பிப் பார்த்தாள். “எடுத்துக்க” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நான் கேமராவைப் பைக்குள் வைத்தேன். ஆனால் அவள் பார்த்திருக்காவிட்டால் எடுத்திருப்பேன்.

அந்தப் பன்னிரண்டு படங்களுக்கு ஒரு தார்ப்பாய் கிடைத்தது. வீட்டுக்கான மனு பரிசீலனையில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

போன வாரம் குமராட்சியிலிருந்து ஒரு குடும்பம் பெண்ணின் கல்யாணத்துக்குப் பேச வந்தது. பெண்ணின் அப்பா வழக்கம்போல அந்தப் படத்தின் முன்னால் நின்றார். எந்த ஓட்டல் என்று கேட்டார். ஓட்டல் இல்லை, எங்கள் அத்தை வீடு என்றேன். அவர் படத்தை இன்னொரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“குடுத்து வச்சவங்க சார்” என்றார்.

தேதியைச் சொல்லுங்கள் என்று டைரியை எடுத்தேன்.