வரதன் எழுதாமல் விட்ட சொல்

போன சனிக்கிழமை காலை, தென்னூரில் என் வீட்டு வாசலில் மாணிக்கம் சைக்கிளை நிறுத்திச் சலவைத் துணியை நீட்டினார். உள்ளே வைத்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "நம்ம ஐயா விடிகாலையில போயிட்டாருங்க. 'முதல்ல துணியைக் கொடு, அப்புறம் சொல்லு, இல்லேன்னா வாங்கிக்க மறந்துடுவான்'னு அவரே சொல்லி வச்சிருந்தாருங்க" என்றார். ஸ்ரீரங்கம் லாண்டிரி வரதன் தன் சாவுச் செய்தியைக்கூட வெளுத்த சட்டையோடுதான் அனுப்பினான். அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

அவனை அறிந்தவர்களுக்கு அந்தக் கரும்பலகை நினைவிருக்கும். என்னோடு பி.ஏ. படித்தவன், உத்தியோகம் தேடாமல், மாணிக்கத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும் வழியில் சலவைக் கடை வைத்தான். விலை எழுதித் தொங்கவிட வேண்டிய பலகையில் தினம் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வளர்ப்பைத் தமிழில் எழுதுவான். ஒருமுறை பொன்மலை ரயில் பட்டறைக்காரர் ஒருவர் வந்து, "சட்டை ரெடியாங்க?" என்று கேட்டார். "வார்த்தை ரெடி. சட்டை நாளைக்கு" என்றான் வரதன். அந்த மனிதர் கோபிக்காமல் பலகையைப் படித்துவிட்டுப் போனார். வேறு கடையில் இது நடக்குமா?

ஆனால் கடை திறந்த அன்றே அவன் தகப்பனார் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். வடமொழியில் பெரிய பண்டிதர். ஆசாரத்தில் அதைவிடப் பெரியவர். ஊரார் அழுக்கைத் தொட்டவன் தன் வாசற்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். வரதன் கடையிலேயே படுத்துக்கொண்டான். வாய் பேசிக்கொண்டே இருந்தாலும் உள்ளுக்குள் உடைந்து போயிருந்தான். பெரியவர் தினமும் காவிரி ஸ்நானத்துக்குக் கடையைத் தாண்டித்தான் போவார். மகனைப் பார்க்க மாட்டார். பலகையை மட்டும் ஓரக்கண்ணால் படிப்பார். எழுத்து என்று கண்ணில் பட்டால் விடத் தெரியாத மனிதர். வரதன் இதைக் கவனித்துவிட்டான்.

ஒரு நாள் பலகையில் 'வாஷ்' என்ற சொல் வந்தது. துணி துவைப்பது, கை கழுவுவது, அலை வந்து கரையை அலம்புவது, படத்தில் நீர்த்த வண்ணம் பூசுவது என்று பொருள்களை அடுக்கியிருந்தான். "வாஷும் வாட்டரும் ஒரே வேரில் பிறந்தவை. தண்ணீர் இல்லாமல் அந்தச் சொல்லே இல்லை. நம் தேசத்து மொழிகளில் இந்தக் குடும்பத்துக்கு உறவு கிடையாது" என்று முடித்திருந்தான். நான் அப்போது கடையில்தான் இருந்தேன். ஈர வேஷ்டியோடு திரும்பிய பெரியவர் நின்றார். முகம் சிவந்தது.

"உறவு கிடையாதா? உதகம் எங்கேடா போச்சு? தண்ணிக்கு வேதத்திலேயே இருக்கிற பேராச்சே! அதை விட்டுட்டியேடா, அசடே!"

"அகராதியிலே பார்த்துடலாமா அப்பா?" என்றான் வரதன். அகராதியை எடுத்துப் பிரித்தான்.

பெரியவர் படியேறி வந்துவிட்டார். அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அகராதி அவர் கட்சியே பேசியது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! எழுந்து மறுபடி ஸ்நானத்துக்குப் புறப்பட்டவர், திரும்பாமலே சொன்னார்: "சாயங்காலம் நம்மாத்துக்கு வா. அந்தப் புஸ்தகத்தையும் எடுத்துண்டு வா."

அவர் போனதும் வரதன் மூட்டையில் முகம் புதைத்து அழுதான். பிறகு சிரித்தான்.

"உதகம் உனக்குத் தெரியாதாடா?" என்றேன்.

"நன்னாத் தெரியும். எல்லாத்தையும் நாமே எழுதிட்டா மத்தவா எதுக்குடா வாயைத் திறக்கணும்?"

அதன்பின் பெரியவர் இருந்தவரை தினமும் வந்து திருத்தினார். தினமும் இரண்டாம் முறை குளித்தார். வேஷ்டியை மட்டும் கடைசிவரை சலவைக்குப் போடவில்லை.

வரதனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தந்திரம் ஒன்றுதான். அவனைப் பற்றிய முக்கியமான ஒரு சங்கதியை இங்கே வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவனோடு பழகியவர்கள் தென்னூருக்கு வந்து, "அதை விட்டுட்டியே" என்று என்னோடு சண்டை போடுங்கள். அவனைத் தனியாக உட்கார்ந்து நினைக்க என்னால் முடியவில்லை.