தையல் எண்ணெய் குடித்த இரட்டை டீசல்

என் அக்கா ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். அறுபது மெஷின் ஓடுகிற ஹாலின் வாசலில் நின்றபடியே, மூன்றாவது வரிசையில் சுவர் ஓரத்து மெஷினில் ஏதோ தட்டுகிறது என்பாள். போய்ப் பார்த்தால் தட்டும். எனக்கு யாரையும் சட்டென்று மெச்ச வராது. கூடப் பிறந்தவளை மெச்சுவதென்றால் நாக்கே எழாது. ஆனால் அந்த ஒரு வாரம் அவள் செய்ததைப் பார்த்து வாயடைத்துப் போய் நின்றவள் நான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். வீட்டின் பின்னறை முழுக்க அவருடைய பொம்மை ரயில். பொம்மை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மாதிரி ரயில் பாதை என்று சொல்ல வேண்டும். பதினைந்து வருஷமாக ஒரு பெரிய மேஜை மேல் மலை, சுரங்கம், மேம்பாலம், ஸ்டேஷன் என்று கட்டிக்கொண்டே போனார். ஸ்டேஷன் பெஞ்சில் நகத்தளவு ஆள் ஒருவன் பேப்பர் படிப்பான். ஓடியதெல்லாம் சரக்கு ரயில்தான். பயணிகள் ரயில் இழுத்த பழைய டீசல் என்ஜின்கள் இரண்டு வேண்டும், உருண்ட மூக்கோடு, முதுகோடு முதுகு சேர்ந்து இழுக்கிறவை வேண்டும் என்று வருஷக்கணக்கில் தேடினார். ஒருவழியாக வயதான ஒரு சேகரிப்பாளரிடம் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் நீளம், மேலே பால்வெள்ளை, கீழே சிவப்பு. பெட்டியைப் பிரித்த அதே வாரம் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

நாலு மாதமாகியும் அவர் பின்னறையில் கால் வைக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள், எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த அறிவியல் ஆசிரியரின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னார். ஆசிரியரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டார். அந்த மேஜை போனால் மனுஷன் இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று அக்காவுக்குப் பயம். எனக்கும்தான். தடுத்தால் கேட்கிறவர் இல்லை. அதனால் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்: போவதற்கு முன் அந்த இரண்டு என்ஜினையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். உன் இஷ்டம் என்றார்.

இருக்கிற தொல்லை போதாதா, உனக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கத்தினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. லீவு போட்டுவிட்டு என்ஜின்களைப் பிரித்தாள். உள்ளே பழைய கிரீஸ் காய்ந்த கோந்தாக இறுகியிருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் பல்சக்கரம் ஒவ்வொன்றையும் கழுவித் தையல் எண்ணெய் விட்டாள். பிறகு வட்டப்பாதையில் ஒரு முழம் இடைவெளி விட்டு இரண்டையும் ஓடவிட்டாள். நாலாவது சுற்றில் பின்னது முன்னதை முட்டியது. இரண்டும் ஒரே வேகத்தில் போகாவிட்டால் சேர்த்து மாட்டியதும் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்குமாம். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். மெதுவாகப் போனதன் மோட்டாரில் மின்சாரம் ஏற்றும் கார்பன் துண்டு தேய்ந்திருப்பதாகச் சொன்னாள். பிரித்தால் தேய்ந்துதான் இருந்தது. மாற்றிய பிறகு இருபது சுற்று, அந்த ஒரு முழம் ஒரு விரல்கூடக் குறையவில்லை. எனக்குப் புல்லரித்தது. இவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவளா நான் என்று தோன்றியது.

சனிக்கிழமை இரண்டையும் சேர்த்து, ஆறு பெட்டி மாட்டினாள். சமதளத்தில் ராஜா மாதிரிப் போனது. மேம்பாலத்துக்கு ஏறும் சரிவில் நின்றுவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, ரயில் நகரவில்லை. அக்கா கழற்றி, கம்பெனியில் மெஷினுக்கு விடுகிற மாதிரி துளைக்குத் துளை மேலும் தையல் எண்ணெய் விட்டாள். இன்னும் மோசம். மறுபடி விட்டாள். பெட்டிகள் பின்னால் வழுக்கிக்கொண்டு இறங்கின. எனக்கே அழுகை வந்துவிட்டது.

அப்போது வாசற்படியில் ஊன்றுகோல் சத்தம். அத்தான். எவ்வளவு நேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாரோ. ஒவ்வொரு அடியாக மேஜைக்கு வந்து, இடது கை விரலால் தண்டவாளத்தைத் தடவி, அந்த விரலை அக்கா முகத்துக்கு நேரே நீட்டினார். பளபளவென்று எண்ணெய்.

"இது தையல் மெஷின் இல்லம்மா," என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. "ஊசி முனையில ஒரு சொட்டு. அவ்ளோதான். மிச்சம் தண்டவாளத்துல வழிஞ்சா சக்கரம் வழுக்கும்."

அக்கா துணியை எடுத்தாள். அவர் அதை வாங்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, இடது கையாலேயே தண்டவாளம் முழுவதையும் துடைத்தார். துடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உதவிக்குக் கையை நீட்டிய என்னை முறைத்தார். அவள் என்ஜின்களைக் கவிழ்த்துப் பிடிக்க, சக்கரங்களையும் அவரே துடைத்தார். பிறகு வேகத் திருகையும் அவரே திருப்பினார்.

முகப்பு விளக்கு எரிந்தது. இரண்டு என்ஜினும் ஒரே மூச்சில் சரிவைப் பிடித்தன. ஆறு பெட்டியும் பாலத்தின் மேல் வளைந்து சுரங்கத்துக்குள் நுழைந்து மலைக்கு அந்தப் பக்கம் வெளியே வந்தன. மேஜைமேல் ஓடுகிற சாமான்தான், நிஜ ரயிலைப் பார்த்துக்கூட நான் அப்படி மலைத்ததில்லை. அத்தான் வாய் ஒரு பக்கமாகக் கோணியபடி சிரித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வந்தபோது அத்தான் அளவு நாடாவை இடது கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனில் இரண்டாவது நடைமேடைக்கு அளந்துகொண்டிருந்தார். வந்தவரிடம் நாடாவின் மறுமுனையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அக்காவைச் சமையலறையில் மடக்கினேன். அவரை எழுப்பத்தானே வேண்டுமென்றே எண்ணெயைக் கொட்டினாய், பெரிய கைகாரிதான் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருபத்திரண்டு வருஷம் மெக்கானிக்கா இருக்கேன். வேணும்னு ஒரு மெஷினைக் கெடுப்பேனா? தெரியாமதான் ஊத்தினேன்," என்றாள். கண் கலங்கியிருந்தது. "அவர் விரலைக் காட்டினப்ப எனக்கு முதல்ல வெக்கமாதான் இருந்துச்சு. அவர் எழுந்து நடந்து வந்திருக்கார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."